முருகைக்கல் மதிலும் நீத்துப்பெட்டி வேலியும்

நாலடிக்கு நாலடி மேசையில் ஒரு யாழ்ப்பாணம் ஒருவழியாக எழும்பிவிட்டது. முருகைக்கல் (கடல் பவளப்பாறையில் வெட்டின கல்) வீடு இரண்டு, பாதி இடிந்த மதில், ஓலை வேலி பன்னிரண்டு துண்டு, ஒரு சங்கடப்படலை, தண்ணீர் அள்ளும் துலாவோடு ஒரு கிணறு, ஒன்பது பனை. 28 மில்லிமீற்றர் சிப்பாய்களை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, அங்குல நாடாவால் அளந்து நகர்த்தி விளையாடும் போர் விளையாட்டுக்கான தளம் இது. எதை எப்படிச் செய்தேன், எது சரிவரவில்லை, என்ன செலவு என்பதை மறக்க முன்னம் எழுதி வைக்கிறேன்.

சிப்பாய்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்தவை. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாட்படை: பாதிப் பேரிடம் துவக்கு, மிச்சப் பேரிடம் நீள ஈட்டி. அந்த உடுப்போடு இங்கே வந்து இறங்கியவர்கள் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும். ஆகவே 1658. ஒல்லாந்தர் பட்டினத்தைப் பிடித்து, கோட்டைக்குள் ஒதுங்கிய போர்த்துக்கேயரை ஜூன் மாதத்தில் சரணடையும் வரை முற்றுகையிட்ட வருசம்.

கோட்டையையே செய்வோம் என்றுதான் மச்சான் சொன்னார். கோட்டை இருக்கிற பண்ணைப் பக்கம் போய்ப் படமும் எடுத்தோம். ஆனால் இன்றைக்கு நாங்கள் பார்க்கிற ஐங்கோணக் கோட்டை, ஒல்லாந்தர் பிடித்த பிறகு தங்கள் பாட்டுக்குத் திருத்திக் கட்டியது. போர்த்துக்கேயருடையது நாற்கோணம். ஐந்து கொத்தளத்தை வைத்துக்கொண்டு 1658 விளையாடினால், விசயம் தெரிந்த ஆள் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். அதோடு, கோட்டை மதிலை அளவுக்குச் செய்தால் மேசை முழுக்க மதில்தான் இருக்கும். சிப்பாய் நிற்க இடம் இருக்காது. ஆகவே கோட்டைக்கு வெளியே, பட்டினத்து ஓர வளவுகள் என்று முடிவெடுத்தோம். கோட்டையில் எடுத்த படங்கள் கல்லின் மேற்பரப்பைப் பார்ப்பதற்கு உதவின.

அளவுக் கணக்கு லேசானது. 28 மில்லிமீற்றர் சிப்பாய் என்றால் ஏறத்தாழ 1/56. நிசத்தில் ஒரு மீற்றர் என்றால் மேசையில் 18 மில்லிமீற்றர். ஆறடி வேலி 32 மில்லிமீற்றர் சொச்சம் வரவேண்டும். ஆனால் சிப்பாய் 3 மில்லிமீற்றர் தடித்த ஒரு வட்டத் தட்டின் மேல் நிற்கிறான். அதையும் சேர்த்து 35 ஆக்கினால்தான் வேலிக்குப் பின்னால் அவன் தலை மறையும். வாசலில் இன்னும் மோசம். நிசக் கதவின் அகலம் 16 மில்லிமீற்றர்தான் வரும். தட்டின் விட்டமோ 25. கணக்குச் சரியாக இருக்கும், சிப்பாய் உள்ளே போகமாட்டான். எல்லா வாசலையும் 28 அகலம், 40 உயரம் என்று வைத்தேன். பார்க்கக் கொஞ்சம் அகலம்தான், ஆனால் விளையாடத் தொடங்கினால் ஒருவர் கண்ணிலும் படாது. ஈட்டி முறிந்த ஒரு சிப்பாயை அளவுகோலாக மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் அவனை நடத்திப் பார்த்த பிறகுதான் ஒட்டினேன். இந்த வேலையில் அடிமட்டத்தை விட அவன்தான் கூட உதவினான்.

முதல் ஆயுதம், போமை வெட்டுகிற சூட்டுக் கம்பி. வீடியோக்களில் எல்லாரும் வெட்டுகிற அந்த இறுக்கமான நீலம், ரோசா நிற போமைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இங்கே சுலபமாகக் கிடைப்பது வெள்ளை ரெஜிபோம் (தெர்மோக்கோல்). கலியாண அலங்காரக்காரர் வாங்குகிற தகடு மிருது. கத்தி வைத்தால் மணி மணியாக உதிர்ந்து வீடு முழுக்கப் பறக்கும். குளிர்சாதனப் பெட்டி, ரீவி வந்த பெட்டிக்குள் இருக்கும் ரெஜிபோம் அதைவிட நெருக்கம். பெருவிரலால் அழுத்திப் பார்த்து, பள்ளம் விழாததை எடுத்தேன். அதையும் கத்தியால் தொடக்கூடாது.

கம்பி, மின்சாதனம் திருத்துகிற கடையில் வாங்கிய 0.3 மில்லிமீற்றர் நிக்குரோம். மரச்சட்டத்தை 'ப' வடிவில் அடித்து, இரண்டு நுனியிலும் ஆணிக் குமிழ் வைத்து, 25 சென்ரிமீற்றர் கம்பியை இழுத்துக் கட்டினேன். மோட்டார் சைக்கிள் பற்றரியின் 12 வோல்ற்றில் கம்பி சிவந்து, ரெஜிபோமில் வேண்டிய அகலத்தை விட இரண்டு மடங்கு பள்ளம் தோண்டியது. பிறகு பழைய 5 வோல்ற், 2 அம்பியர் போன் சார்ஜரின் வயரை வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன், அளவான சூடு. இந்தத் தடிப்பில் 25 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 4 ஓம் தடை வரும், சார்ஜர் தாங்குகிறது. கம்பியைக் குட்டையாக்கினால் தாங்காது. இன்னொன்று, சூடேறிய கம்பி நீண்டு தொய்யும். தொய்ந்தால் வெட்டு வயிறு வைக்கும். பேனைக்குள் இருக்கிற சுருள் வில்லை ஒரு நுனியில் மாட்டிவிட்டேன், அது தொய்வை இழுத்துக்கொள்கிறது. வெட்டும்போது வருகிற புகை நல்லதில்லை. விறாந்தையில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து வெட்டவேண்டும்.

வீட்டுச் சுவர்களை 10 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டினேன். நிசத்தில் ஒன்றரை அடிக்கு மேல். பழைய கல்வீட்டுச் சுவருக்குப் பொருந்துகிற தடிப்பு.

அடுத்தது கல். நெடுந்தீவு மதில்களிலும் கோட்டையிலும் முருகைக்கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது செங்கல் மாதிரி வரிசையாக அடுக்கின கல் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம், மேலெல்லாம் துளை, துளைக்குள் துளை. பென்சிலால் கீறினேன், அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டினேன், கம்பிப் பிறஷால் குத்தினேன். கருங்கல் வந்தது, முருகைக்கல் வரவில்லை.

வழி காட்டியது ஸ்பிறே பெயின்ற். ரெஜிபோமுக்கு ஸ்பிறே அடிக்கக்கூடாது, அதிலிருக்கும் கரைப்பான் போமைத் தின்றுவிடும் என்பது இந்த வேலை செய்கிற எல்லாரும் சொல்லும் முதல் எச்சரிக்கை. தின்னட்டும் என்று விட்டுப் பார்த்தேன். கல் இடுக்குகளை முதலில் சூடான ஊசியால் கீறிக்கொண்டு, முழங்கை நீளத் தூரத்தில், ஏறத்தாழ 45 சென்ரிமீற்றரில் ஸ்பிறேயைப் பிடித்து ஒரே ஒரு வீச்சு. சில நொடியில் மணிகளுக்கு இடையில் ஊசித் துளைகள் விழுகின்றன; அதற்குப் பிறகு துளைகளின் விளிம்பு மெல்ல உள்ளே சுருங்குகிறது. அப்படியே முருகைக்கல். இன்னொரு வீச்சு அடித்தால் கடலில் அரித்த பாறை. 20 சென்ரிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுபோனால் சுவரில் ஓட்டை. சோளகம் வீசுகிற மாதங்களில் இதை வெளியே செய்ய ஏலாது, பெயின்ற் பக்கத்து வளவுக்குப் போய்விடும். காற்றில்லாத விடியலில், முகமூடி போட்டுக்கொண்டு செய்தேன்.

தின்றது போதும் என்றதும் மூடிவிட வேண்டும். பைன்டர் பசை இரண்டு பங்கு, கறுப்பு இமல்ஷன் ஒரு பங்கு, இரண்டு பூச்சு. இது காய்ந்தால் ரெஜிபோமுக்கு ஒரு தோல் வந்துவிடும். நகம் பட்டாலும் உதிராது. அதன் மேல் சாம்பல், பிறகு மங்கல் மஞ்சள், கடைசியில் வெள்ளைக்குக் கிட்டின நிறம். பெயின்ற்றைப் பிறஷில் தொட்டுத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஈரத்தை மேடுகளில் மட்டும் தடவுகிற உலர் தீட்டல்தான். இதற்கு நல்ல பிறஷ் வேண்டாம். அப்பாவின் பழைய சவரப் பிறஷ் போதும், கடையில் வாங்கினதை விட அதுதான் வடிவாகத் தீட்டுகிறது.

வீட்டின் மேல்பாதிக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசினது போலக் காட்ட, சுவருக்குப் பூசும் புட்டியில் பைன்டர் கலந்து தடவினேன். பைன்டர் சேர்க்காத புட்டி காய்ந்ததும் தகடாகக் கழன்று வந்தது. ஒரு வீட்டுக் கூரை ஓடு. பீட்சா வந்த மெல்லிய நெளிகாட்போட்டின் மேல்தாளை நனைத்து உரித்தால் கீழே வரும் நெளிவு அளவாக இருக்கிறது. சாதாரணப் பெட்டிக் காட்போட்டின் நெளிவு இதற்கு மிகப் பெரிது. மற்ற வீட்டுக்கு ஓலைக் கூரை. இரண்டு கூரையும் கழற்றக் கூடியவை. வீட்டுக்குள்ளே சிப்பாயை நிறுத்த ஏலாவிட்டால் அது வீடில்லை, மேசையில் ஒரு கட்டி.

இனி வேலி. கிடுகு வேலிக்குச் சாக்கைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினேன். தூரத்தில் பார்க்கப் பரவாயில்லை, கிட்டப் பார்த்தால் சாக்கு. பச்சைப் பனையோலையைக் கிழித்து ஒட்டினது காயக் காயச் சுருண்டு, பசையையும் பிய்த்துக்கொண்டு எழும்பியது. பிறகுதான் குசினி மூலையில் கிடந்த பழைய நீத்துப்பெட்டியில் கண் விழுந்தது. எத்தனையோ தரம் புட்டு அவிந்து அவிந்து, சுருளவேண்டியதெல்லாம் சுருண்டு முடிந்த ஓலை. மெல்லிசு, மங்கின பழுப்பு, பெயின்ற்கூட வேண்டாத நிறம். பின்னலைப் பிரித்து, பிளேட்டால் 2 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கிழித்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன்ரா உதைப் பிச்சனி? கடையில ஒண்டு வாங்கித் தந்திட்டுப் பிறகு மற்ற வேலையைப் பார்" என்றார். வாங்கிக் கொடுத்தேன், அதுவும் செலவுக் கணக்கில் இருக்கிறது.

வேலிக்குக் கதியால் ஈர்க்கு. தென்னோலை ஈர்க்கின் அடிப்பக்கம் ஒன்றரை மில்லிமீற்றர் வரும், நிசத்தில் மூன்றங்குலத் தடி. 15 சென்ரிமீற்றர் நீளத் தட்டில் 2 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை போட்டு ஈர்க்கைக் குத்தி, குறுக்கே மேலும் கீழும் வரிச்சுக்கு இரண்டு ஈர்க்கை நூலால் கட்டினேன். பிறகு ஓலைத் துண்டுகளை நெடுக்கில், ஒன்றின் விளிம்பை மற்றது மூடும்படி ஒட்டிக்கொண்டு போனேன். மேல் நுனியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டிவிடக்கூடாது. கொஞ்சம் ஏறியிறங்கி இருந்தால்தான் வேலி. ஒரு துண்டில் நாய் நுழைகிற பொட்டு ஒன்றும் விட்டேன். விளையாட்டு விதியில் இந்த வேலி பார்வையை மறைக்கும், குண்டைத் தடுக்காது. முருகைக்கல் மதில் இரண்டையும் செய்யும். அந்த வித்தியாசத்திலேயே அரைவாசி விளையாட்டு நடக்கிறது.

சங்கடப்படலைக்கும் இதே ஓலை, இதே ஈர்க்கு. நிழலுக்குக் கூரை போட்ட படலை என்றபடியால் ஒரு சிப்பாய் உள்ளே நிற்க 40 மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன். தம்பி ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் தளபதியைக் கொண்டுபோய் அங்கேதான் நிறுத்துகிறான்.

பனைதான் நேரத்தைத் தின்றது. 20 மீற்றர்ப் பனையை 1/56 இல் செய்தால் 36 சென்ரிமீற்றர் வரும். அப்படி ஒன்றைச் செய்து மேசையில் வைத்ததும், கையை நீட்டினவர் சட்டைக் கையில் அது மாட்டிச் சரிந்தது. பாதியாகக் குறைத்தேன். தண்டுக்குப் பென்சில்: நீளம் 17 சென்ரிமீற்றர் சொச்சம், தடிப்பு 7 மில்லிமீற்றர், வெட்டவும் தேவையில்லை. ஆறு பட்டையையும் உப்புத்தாளால் உரசி வட்டமாக்கி, தையல் நூலை இரண்டு மில்லிமீற்றர் இடைவெளியில் சுற்றிப் பைன்டர் பூசினால் மட்டை விழுந்த தழும்பு வளையங்கள் வந்துவிடும். அடிப்பக்கம் வேர் தடிப்புக்கு எப்பொக்சி புட்டி.

ஓலை வெட்ட ஐந்து ரூபாய்க் குற்றிதான் அச்சு. விட்டம் ஏறத்தாழ 23 மில்லிமீற்றர், அளவுக் கணக்கில் ஒரு மீற்றரும் சொச்சமும், பனையோலை விசிறிக்குப் பொருத்தம். ஓவியக் கொப்பித் தாள் தடிப்புக் கூட, மடிபடாது. போட்டோக்கொப்பி எடுக்கிற 80 கிறாம் தாளே சரி. வட்டத்தைப் பாதி, கால், அரைக்கால், அதிலும் பாதி என்று மடித்து விரித்தால் நடுவிலிருந்து கதிர் மாதிரி மடிப்புக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே வெட்டி, மட்டை வருகிற பக்கத்தில் கால் வட்டத்தைக் கழித்துவிட்டால் விசிறி. தண்ணீர் கலந்த பைன்டரில் தோய்த்து, காயமுன்னம் மடிப்பை ஒருக்கா நெரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டையாகிவிடும். மட்டைக்குக் கடதாசிப் பூச் செய்கிற கம்பி. ஒரு பனைக்குப் பதினெட்டு ஓலை, ஒன்பது பனைக்கு நூற்று அறுபத்திரண்டு. தங்கச்சி நாடகம் பார்த்துக்கொண்டே அரைவாசியை வெட்டித் தந்தாள். அவள் வெட்டினதுதான் வடிவு.

தலைக்கு எப்பொக்சி புட்டியைச் சின்ன உருண்டையாகப் பிடித்துப் பென்சில் நுனியில் வைத்து, அது இறுகமுன்னம் கம்பிகளைக் குத்தினேன். கீழேயிருந்து மேலே போகவேண்டும். முதலில் தண்டோடு ஒட்டித் தொங்குகிற காவோலை ஐந்தாறு, பழுப்பு நிறம். பிறகு பக்கவாட்டில் நீட்டி நிற்பவை, பிறகு நிமிர்ந்தவை, நடுவில் தாளைச் சுருட்டின ஒரு குருத்து. காவோலை இல்லாமல் செய்த பனை ஏதோ வெளிநாட்டு ஹோட்டல் வாசல் மரம் போல நின்றது. மூன்று மரத்தில் மிளகைப் பனங்காயாக ஒட்டினேன். அவை பெண்பனை, மிச்சம் ஆண். மிளகைச் சுப்பர் குளூவில் நனைத்து மூடாவிட்டால் பூச்சி வரும். நிறம் கவனிக்க வேண்டியது: கடைப் பச்சையை அப்படியே அடித்தால் வாழை. பச்சையில் சாம்பலும் துளி மஞ்சளும் சேர்த்தால்தான் பனை.

பனைகளின் அடித்தட்டு, பழைய கலியாண வீடியோ சீடிகள். அதற்குமுன் தடித்த காட்போட்டில் மண்ணும் பசையும் போட்டிருந்தேன். பசை காயும்போது மேல்பக்கம் மட்டும் சுருங்கி, தட்டு நாலு மூலையும் எழும்பி நின்றது. கீழ்ப்பக்கத்திலும் பைன்டர் பூசினால் ஓரளவு படியும், முழுக்கப் படியாது. சீடி வளையாது. வேலிக்கும் வீட்டுக்கும் பனர் அடிக்கிற கடையில் கழித்து வைத்த 3 மில்லிமீற்றர் சன்போட் (பிளாஸ்ரிக் போம் பலகை) துண்டுகள். கடைக்கார அண்ணை சும்மாவே தந்தார், என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் விடாமல் கேட்டார்.

தரைக்கு உண்மையான செம்மண். உரும்பிராய்ப் பக்கத்து மண்ணைத் தேத்தண்ணி வடியால் அரித்து, பழைய தாச்சியில் வறுத்து, எறும்பும் ஈரமும் போன பிறகு பைன்டரின் மேல் தூவினேன். காய்ந்ததும் நிறம் நல்லாக் கறுத்துவிடும். அதே மண்ணின் நிறத்தில் பெயின்ற் கலந்து உலர் தீட்டல் கொடுத்தால் திரும்பி வரும். ஒரு பக்கத்துக்குக் கடற்கரை மணல் போட்டேன், கழுவாமல். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பசை காயவே இல்லை. மாரி தொடங்கினதும் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. சுரண்டி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்த மணலைத் திரும்பப் போட்டேன். புல்லுக்கு மரக்காலையில் எடுத்த மரத்தூளைப் பச்சை இமல்ஷனில் பிரட்டிக் காயவைத்தது. நீளப் புல்லுக்குத் தும்புத்தடித் தும்பு. தேயிலைச் சக்கையைப் போடச் சொல்வார்கள், இந்த ஊர் மாரிக்கு அது பூஞ்சணம் பிடிக்கும்.

கிணறு சின்ன வேலை. 40 மில்லிமீற்றர் எஸ்லோன் பைப்பில் 14 மில்லிமீற்றர் வளையம், அடியில் கறுப்புப் பெயின்ற், அதன் மேல் தண்ணீருக்கு நிறமற்ற பசை. ஒரேயடியாக ஊற்றினால் நடுவில் பால் நிறம் நின்றுவிடும். ஒரு மில்லிமீற்றர் ஊற்றி, முழுக்கத் தெளிந்த பிறகு அடுத்தது. துலா, சாத்தே குத்துகிற தடியில். ஆடுகாலுக்கு நடுவே ஒரு குண்டூசி அச்சு, மேலும் கீழும் அசையும். அசைவதால் வருகிறவர் எல்லாரும் அசைத்துப் பார்க்கிறார்கள், ஒருக்கா முறிந்தும்விட்டது. இப்போது குண்டூசியைக் கழற்றித் துலாவைத் தனியே வைக்கிறேன்.

விளையாடினபோது தெரிந்தவை இரண்டு. பனைகள் நெருக்கமாக இருந்தால் இடையில் 25 மில்லிமீற்றர்த் தட்டு நிற்காது. ஒவ்வொரு பென்சிலின் அடியிலும் தலை வெட்டின ஆணி ஒன்றை இறக்கி, சீடியில் அதற்குத் துளை போட்டுவிட்டேன். சிப்பாய் வரும்போது மரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் போனதும் திரும்பக் குத்தலாம். மற்றது, வேலி நுனியில் ஈர்க்குக் கதியால் நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துத் துண்டோடு சேராமல் இடைவெளி விழும், அந்த இடைவெளியால் சுடலாமா என்று சண்டை வரும். நுனிக் கதியாலை 5 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி, ஓலையை மட்டும் விளிம்பு வரை விட்டால் பிரச்சினை இல்லை.

செலவு: பைன்டர் ஒரு கிலோ 1100 ரூபாய், இமல்ஷனும் சின்னப் பெயின்ற் குப்பிகளும் 2300, எப்பொக்சி புட்டி 650, ஸ்பிறே 900, நிக்குரோம் கம்பி 150, பென்சில், கம்பி, நூல், பிளேட், சுப்பர் குளூ எல்லாமாக 800, அம்மாவுக்குப் புது நீத்துப்பெட்டி 400. மொத்தம் 6300 ரூபாய். ரெஜிபோம், சன்போட், சீடி, ஓலை, மண் காசில்லை.

எல்லாவற்றையும் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிகளில் வைக்கிறேன். ஓலையும் தும்பும் இருப்பதால் பூச்சிக்கு ஏதாவது போடவேண்டும். ஆனால் அலுமாரிக்குள் போடும் நப்தலின் உருண்டையை மட்டும் போடவேண்டாம். அதன் ஆவி பொலிஸ்ரைரீனை இளக்கும். ரெஜிபோமும் பொலிஸ்ரைரீன், இந்தப் பிளாஸ்ரிக் சிப்பாய்களும் அதே. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன்.

இன்னும் நாலைந்து பனை வேண்டும், மேற்கு மூலை வெறுமையாகக் கிடக்கிறது. இந்தத் தரம் ஓலைகளைத் தாளில் வெட்டமுன்னமே இரண்டு பக்கமும் பெயின்ற் அடித்துவிடுவேன். ஒட்டின பிறகு பதினெட்டு ஓலையின் கீழ்ப்பக்கத்துக்குப் பிறஷ் கொண்டுபோவது பெரிய கரைச்சல். பென்சிலும் உருண்டைப் பென்சிலாகப் பார்த்து வாங்கவேண்டும், ஆறு பட்டையை உரச இனிப் பொறுமை இல்லை.